வெயிலுக்கு முகம் கொடுத்த அரண்மனை

(மதுரையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கோடைக்கால அரண்மனை என்றதும் நம் மனத்தில் எழுவது மலையும் மூடுபனியும்தான். முகலாயர்கள் காஷ்மீருக்குப் போனார்கள். ஆங்கிலேயருக்குச் சிம்லா இருந்தது. சென்னை மாகாண அரசாங்கம் வெயில் ஏறியதும் கோப்புக் கட்டுகளோடு ஊட்டிக்குப் போய்விடும். நம் ஊர்க் கதையும் அதுவே. 1834இல் மதுரையில் பணி தொடங்கிய அமெரிக்க மிஷன் பாதிரிமார்கள், நோயில் தங்கள் ஆட்களைப் பறிகொடுத்த பிறகு, 1845இல் பழனிமலைத் தொடரின் மேல் வீடு கட்டிக்கொண்டார்கள். கொடைக்கானல் அப்படித்தான் உண்டானது. 1863இல் அங்கே ஏரியை அமைத்த லெவிஞ்ச், மதுரை மாவட்டக் கலெக்டராக இருந்தவர்.

மதுரை நாயக்கர்களின் கோடை மாளிகை எங்கே இருக்கிறது? மீனாட்சி அம்மன் கோயிலிலிருந்து வடகிழக்கே இரண்டரை கிலோமீட்டருக்குள், வைகையின் வடகரையில், தல்லாகுளத்தில் இருக்கிறது. அதே சமவெளி, அதே வெயில். அழகர்மலை பார்வைக்கு எட்டும் தூரத்தில் நிற்கிறது. அங்கே நூபுரகங்கைச் சுனையும் காடும் நிழலும் உண்டு. சிறுமலை அதற்கு அப்பால். வேண்டுமென்றால் போயிருக்கலாம். ஆற்றை மட்டும் கடந்து, அக்கரையில் ஒரு மேடு எழுப்பி, அதன்மேல் மாளிகை கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அதுதான் தமுக்கம். இன்று அந்தக் கட்டடத்தை நீங்கள் காந்தி நினைவு அருங்காட்சியகம் என்று அறிவீர்கள்.

வெயிலைத் தவிர்க்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் யாரும் தல்லாகுளத்தில் கோடை மாளிகை கட்டமாட்டார்கள். ஆகவே இந்தக் கட்டடத்தின் நோக்கம் வேறாக இருந்திருக்க வேண்டும். மதுரையில் கோடை என்பது அரசர் ஒளிந்துகொள்ளும் காலமாக இருந்ததில்லை, அது அரசர் வெளியே வந்து உட்காரும் காலம். இதை நிலைநாட்டத்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

முதலில் காலக் கணக்கைத் தெளிவாக்கிவிடுவோம். மாளிகை ஏறத்தாழ 1670இல் கட்டப்பட்டது என்றும், இராணி மங்கம்மாளின் அரண்மனை என்றும் ஒரே மூச்சில் சொல்வது வழக்கம். மங்கம்மாள் தன் பேரனுக்காக ஆட்சிப் பொறுப்பேற்றது 1689இல். 1706 வரை ஆண்டார். 1670இல் மதுரைச் சீமையின் அரசர் அவர் கணவர் சொக்கநாத நாயக்கர். எனவே அந்த ஆண்டை ஏற்றுக்கொண்டால், மங்கம்மாள் ஆட்சிக்காலத்தில் எழுந்த கட்டடம் என்று சொல்ல முடியாது. அரசியாக அவர் வந்து தங்கிய இடம், பின்னால் ஆட்சியாளராகவும் அமர்ந்த இடம் என்று கொள்வதுதான் பொருத்தம். ஊர் மக்கள் நினைவில் கட்டியவர் பெயரைவிட இருந்தவர் பெயர்தான் நிலைக்கும். நாயக்க அரசர்களில் திருமலை நாயக்கருக்கு அடுத்தபடியாக மதுரை இன்றும் பெயர் சொல்லி நினைப்பது மங்கம்மாளைத்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். திருமலை நாயக்கர் தலைநகரைத் திருச்சியிலிருந்து மதுரைக்குக் கொண்டுவந்தார். 1636ஆம் ஆண்டை ஒட்டி அந்தப் பெரிய மகாலைக் கட்டினார். சொக்கநாதர் தலைநகரை மறுபடியும் திருச்சிக்கு மாற்றினார். மாற்றியதோடு நிற்காமல், பாட்டனாரின் மகாலில் ஒரு பகுதியைப் பிரித்துக் கல்லும் மரமும் சிற்பமுமாகத் திருச்சிக்குக் கொண்டுபோனார். இன்று நாம் பார்க்கும் மகால் அன்றிருந்ததில் ஒரு சிறு பங்குதான். தலைநகரே திருச்சியில் இருந்த காலத்தில் மதுரையில், அதுவும் ஆற்றுக்கு அக்கரையில், எதற்காக ஒரு மாளிகை? ஆண்டு முழுக்கக் குடியிருப்பதற்கு அது தேவைப்பட்டிருக்காது. ஆண்டில் ஒரு பருவத்தில் அரசகுடும்பம் மதுரையில் இருந்தே ஆகவேண்டியிருந்தது. அந்தப் பருவம் சித்திரை.

சித்திரைத் திருவிழாவின் அரசியல் பொருளை நாம் கூட்டத்திலும் கொண்டாட்டத்திலும் மறந்துவிடுகிறோம். எட்டாம் நாள் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம். அம்மனின் கையில் செங்கோல் கொடுக்கப்படுகிறது. அன்று தொடங்கி ஆடி வரை நான்கு மாதம் மதுரையை ஆள்பவள் மீனாட்சி. ஆவணி மூலத் திருவிழாவில் சுந்தரேசுவரருக்குப் பட்டம். பங்குனி வரை எட்டு மாதம் அவர் ஆட்சி. சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி ஆகிய நான்கு மாதங்களும் வெயிலும் வறண்ட காற்றுமான மாதங்கள். மதுரையின் சமய நாட்காட்டியில் கோடை என்பது அரசியின் ஆட்சிக்காலம்.

நாயக்கர்கள் இந்த மரபோடு தங்களை இறுகப் பிணைத்துக்கொண்டார்கள். பட்டாபிஷேக நாளில் அம்மனிடமிருந்து செங்கோலை நாயக்க அரசர் பெற்றுக்கொண்டு, ஊர்வலமாக மகாலுக்குக் கொண்டுவந்து அரியணையில் வைத்து வழிபட்டு, பிறகு கோயிலுக்குத் திருப்பி அனுப்புவார் என்பது மரபு. அரசாளும் உரிமை ஆண்டுக்கு ஒருமுறை, எல்லார் கண்ணெதிரிலும், கோடையின் உச்சியில் புதுப்பிக்கப்பட்டது. அப்போது அரசர் மலைமேல் குளிர்ச்சி தேடிப் போயிருந்தால் அந்த உரிமையை யார் வாங்குவது?

பொற்றாமரைக் குளத்தின் மேற்குப் பக்கம் ஊஞ்சல் மண்டபம் இருக்கிறது. அடுத்த முறை போகும்போது அங்கே நின்று மேற்கூரையை அண்ணாந்து பாருங்கள். மீனாட்சி திருக்கல்யாண ஓவியம் இருக்கும். தெய்வத் திருமணத்தைக் கைகூப்பித் தொழும் மனிதர்களில் மங்கம்மாளும் பேரன் விஜயரங்க சொக்கநாதனும் இருக்கிறார்கள். கணவனை இழந்தவர், மகனையும் அம்மை நோய்க்குப் பறிகொடுத்தவர், கைக்குழந்தைப் பேரனுக்காக நாட்டைச் சுமந்தவர். அப்படிப்பட்ட ஒரு பெண், மீனாட்சி ஆளும் ஊரில், மீனாட்சி ஆளும் மாதங்களில், மக்கள் பார்வையில் அமர்ந்திருப்பது சாதாரணச் செய்தியன்று. மேற்கே மைசூர், கிழக்கே தஞ்சை, தெற்கே திருவிதாங்கூரும் சேதுநாடும், வடக்கே ஔரங்கசீப்பின் படைத்தலைவர்கள் என்று நாலாபுறமும் நெருக்கடி இருந்த ஆண்டுகள் அவை. தமுக்கத்தில் அவர் உட்கார்ந்ததே ஓர் அறிவிப்பு என்று நான் கருதுகிறேன்.

இடத்தைத் தேர்ந்த விதத்தையும் பாருங்கள். அழகர்கோயிலிலிருந்து புறப்படும் கள்ளழகர் பொய்கைக்கரைப்பட்டி, அப்பன்திருப்பதி, மூன்றுமாவடி, புதூர் வழியாக வந்து தல்லாகுளத்தில் தங்குகிறார். ஊர் திரண்டு அவரை எதிர்கொண்டு அழைக்கும் எதிர்சேவை இந்த வழியில்தான் நடக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வரும் ஆண்டாள் சூடிக்கொடுத்த மாலையைத் தல்லாகுளம் பெருமாள் கோயிலில் சாத்திக்கொண்டு, குதிரை வாகனத்தில் ஏறி, விடியலில் ஆற்றில் இறங்குகிறார். முன்பு தேனூரில் இறங்கிக்கொண்டிருந்த அழகரை மதுரைக்குத் திருப்பி, மீனாட்சி கல்யாணத்தோடு இந்த விழாவைச் சேர்த்தவர் திருமலை நாயக்கர் என்பது மதுரை மரபு. சைவக் கோயில் தென்கரையில், வைணவப் பெருமாள் வடக்கிலிருந்து வருகிறார், இரண்டும் சந்திக்கும் இடம் வைகை மணல். தமுக்கம் இருப்பது அழகர் வரும் வழியை ஒட்டி. சுற்றுப்புறத்துக் கிராமத்து மக்கள் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு, திரிசுமந்து, சாட்டை எடுத்து, தோல்பையில் நீர் பீய்ச்சி வரும் பாதை அது. கோட்டைக்குள் இருந்தால் அரசர் பார்ப்பது தன் நகரத்தை. தமுக்கத்தில் இருந்தால் பார்ப்பது தன் நாட்டுப்புறத்தை. மேலூர், நத்தம், வெள்ளியங்குன்றம் பக்கத்து மக்களும் அவரைப் பார்க்கலாம்.

கோட்டை என்று சொன்னேன். அன்றைய மதுரை விசுவநாத நாயக்கர் எழுப்பிய மதிலுக்குள் இருந்த நகரம். 72 கொத்தளங்கள், சுற்றிலும் அகழி. அந்த மதில் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில்தான் இடிக்கப்பட்டது. விளக்குத்தூண் அவர் நினைவாக நிற்பது. இன்றைய வெளி வீதிகளில் நடப்பவர்கள் பழைய மதிலும் அகழியும் இருந்த தடத்தில்தான் நடக்கிறார்கள். மதில் காற்றைத் தடுக்கும். நெருங்கிய வீதிகளும் அடுப்புப் புகையும் சேர்ந்தால் சித்திரையில் உள்ளே புழுக்கம் தாங்காது. ஆற்றின் அக்கரையில் வயலும் கண்மாயும் தோப்பும் இருந்தன. ஏ.வி. பாலம் வந்தது 1889இல்தான். அதற்கு முன் கோடையில் வைகை வற்றிக் கிடக்கையில் மணலில் நடந்தே கடக்கலாம். கோடைக்கு மட்டும் அக்கரையில் வீடு வைத்துக்கொள்வது எவ்வளவு இயல்பான ஏற்பாடு என்று எண்ணிப்பாருங்கள்: ஆறு வழிவிடும் மாதங்களில் அரண்மனை ஆற்றைக் கடக்கிறது.

இனிக் கட்டடத்துக்கு வருவோம்.

தமுக்கத்தின் முதல் உறுப்பு கட்டடமே இல்லை, அது நிற்கும் மேடு. தரை மட்டத்திலிருந்து மண்ணைக் கொட்டி உயர்த்தி, கல் கொண்டு அணைத்து, அதன்மேல் மாளிகையை வைத்தார்கள். இதற்கு நான்கு பயன். வைகையில் எதிர்பாராத வெள்ளம் வந்தால் தப்பும். தரையிலிருந்து எழும் அனலும் புழுதியும் மேலே எட்டாது. காற்று தடையின்றி வரும். நான்காவதுதான் முக்கியம்: மேட்டின் மேல் இருப்பவர் கீழே திறந்த வெளியில் நடப்பதையெல்லாம் பார்க்கலாம், கீழே இருப்பவர்களும் அவரைப் பார்க்கலாம். யானைச் சண்டை, மல்யுத்தம், கிடாய்முட்டு போன்றவற்றை நாயக்கர்கள் இங்கிருந்து பார்த்தார்கள் என்று வாய்மொழி மரபு சொல்கிறது. கட்டடத்தின் அமைப்பைப் பார்த்தால் அந்த மரபை நம்புவதற்குத் தடையில்லை.

இந்த வடிவத்தின் வேர் மதுரையில் இல்லை, விஜயநகரத்தில் இருக்கிறது. நாயக்கர்கள் விஜயநகரப் பேரரசின் ஆட்களாக வந்து பிறகு தனி அரசர்களானவர்கள். அம்பியில் மகாநவமி திப்பா என்ற மாபெரும் கல்மேடையைப் பார்த்திருப்பீர்கள். நவராத்திரியில் பேரரசர் அதன்மேல் அமர்ந்து படை அணிவகுப்பையும் மல்லர்களையும் யானைகளையும் பார்ப்பார். அரசரை உயரத்தில் வைத்து, விழாவையும் குடிகளையும் கீழே பரப்பி, ஒருவரையொருவர் காணச் செய்யும் ஏற்பாடு அது. அதே அம்பியில் தாமரை மகால் என்றொரு மண்டபம் உண்டு. பக்கங்கள் திறந்திருக்க, அடுக்கடுக்காக மடிந்த வளைவுகளோடு, சுதை பூசி நிற்கும். மேடையின் எண்ணமும் வளைவு மண்டபத்தின் எண்ணமும் ஒரே கட்டடத்தில் சேர்ந்தால் அதன் சாயல் தமுக்கத்தைப்போல் இருக்கும்.

கட்டடக் கலை மாணவர்கள் சிலர் வந்திருக்கிறீர்கள் என்பதால் ஒரு வேறுபாட்டைச் சற்று விரித்துச் சொல்கிறேன். நாயக்கர்கள் கோயில் கட்டும்போது கல்லில் கட்டினார்கள். தூண், தூணின் மேல் போதிகை, போதிகையின் மேல் உத்தரம், அதன் மேல் பாவுகல். கல் உத்தரம் ஓர் அளவுக்கு மேல் நீண்டால் முறியும். அதனால்தான் நம் மண்டபங்களில் தூண்கள் நெருங்கி நிற்கின்றன. ஆயிரங்கால் மண்டபம் என்பது அழகுக்காக மட்டும் வந்ததில்லை. அரண்மனை கட்டும்போது அதே நாயக்கர்கள் கல்லை விட்டுச் செங்கல்லையும் சுண்ணாம்பையும் எடுத்தார்கள். தக்காணத்துச் சுல்தான்களின் நாட்டிலிருந்து விஜயநகரத்துக்கு வந்து சேர்ந்த வளைவையும் கும்மட்டத்தையும் எடுத்தார்கள். வளைவில் ஒவ்வொரு செங்கல்லும் பக்கத்துச் செங்கல்லை அழுத்திக்கொண்டு நிற்கும். சுமை பக்கவாட்டில் வழிந்து தூணுக்கும் சுவருக்கும் இறங்கும். அதனால் தூண்களை விலக்கி வைக்கலாம், நடுவே பெரிய வெளி கிடைக்கும். திருமலை நாயக்கர் மகாலின் சொர்க்க விலாசத்தில், மர உத்தரமோ இரும்போ தாங்காத அந்தக் கும்மட்டத்தின் கீழ் நின்றவர்களுக்கு நான் சொல்வது புரியும். மீனாட்சி கோயிலையும் மகாலையும் ஒரே நாளில் பார்த்தால், ஒரே அரச மரபு தெய்வத்துக்கு ஒரு கட்டுமான மொழியையும் தனக்கு இன்னொன்றையும் வைத்திருந்தது தெரியும். தமுக்கம் இரண்டாவது வகை. மகாலின் பிரம்மாண்டம் இதில் கிடையாது. அளவில் சிறியது, வடிவில் எளியது. எனக்கு அந்த எளிமைதான் பிடித்திருக்கிறது.

கும்மட்டம் கோடைக்கும் உதவும். வெப்பக் காற்று மேலே போகும். தலைக்கு மேல் உயரமான வெளி இருந்தால் கீழே உட்கார்ந்திருப்பவரைச் சூடு அண்டாது. வளைந்த கூரையின் எல்லாப் பக்கத்திலும் ஒரே நேரத்தில் வெயில் செங்குத்தாக விழாது. தடித்த செங்கல் சுவர், பகல் முழுக்க வாங்கிய வெப்பத்தை உள்ளே கொடுக்க மாலையாகிவிடும். அதற்குள் வெளிக்காற்று தணிந்திருக்கும், கதவுகளைத் திறந்துவிடலாம். ஆனியிலும் ஆடியிலும் மேற்கேயிருந்து அடிக்கும் காற்று நம் ஊருக்கு மழை கொண்டுவராது, மழையை மலைக்கு அப்பாலேயே கொட்டிவிட்டு வறண்ட காற்றாகத்தான் வரும். அந்தக் காற்றையும் பயன்படுத்திக்கொள்ளும்படி உயரத்தில், பக்கங்கள் திறந்த தாழ்வாரத்தோடு கட்டினார்கள்.

எல்லாவற்றையும்விட எனக்கு வியப்பைத் தருவது சுண்ணாம்புக் காரை. இதைப் பற்றி நின்று பேசவேண்டும். சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீரில் போட்டு நீற்ற வேண்டும். கொதித்துப் பொங்கி அடங்கிய பிறகு, பல நாள் ஊறவிட வேண்டும். ஊற ஊறத்தான் குழைவு வரும். பிறகு மணலோடு சேர்த்து, மாடு பூட்டிய வட்டக் கல்லில் மையாக அரைக்க வேண்டும். கடுக்காயை இடித்து ஊறவைத்த தண்ணீர், வெல்லம் கரைத்த தண்ணீர் இரண்டையும் சேர்த்துக் குழைப்பார்கள். காரை இறுகுவதற்கும் பிடிப்புக்கும் அது. சுவரில் முதல் பூச்சு கரடாக இருக்கும். அதன்மேல் மெல்லிய பூச்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். கடைசிப் பூச்சில் மணலே இருக்காது. சலித்த சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும்தான். கொத்தனார் அதை ஈரம் வற்றும் பதம் பார்த்து வழுவழுப்பான கல்லால் தேய்ப்பார். பதம் தவறினால் பளபளப்பு வராது. முகம் பார்க்கலாம் என்று சொல்லும்படி செட்டிநாட்டு வீடுகளில் இன்றும் நிற்கிறதே, அந்தச் சுவர்கள் இந்த வித்தையின் பிள்ளைகள்.

அந்த வெள்ளைச் சுவர் வெயிலைத் திருப்பி அனுப்பும். அதோடு, சுண்ணாம்பு மூச்சுவிடும் பொருள். தரையிலிருந்து ஏறும் ஈரத்தை வாங்கி வெளியே ஆவியாக்கும். ஆவியாகையில் சுவர் குளிரும். காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடை மெதுவாக வாங்கிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் மறுபடியும் கல்லாக மாறும். சிமெண்டுக்கு இந்தக் குணம் கிடையாது. பழைய சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்டு பூசினால் உள்ளே ஈரம் அடைபட்டு, உப்புப் பூத்து, செங்கல்லே மாவாக உதிரும். மேலே பார்க்க அழகாக இருக்கும். உள்ளே நோய் பரவியிருக்கும்.

அரசர்கள் தங்களுக்கு மட்டும் கோடை மாளிகை கட்டிக்கொள்ளவில்லை. தெய்வத்துக்கும் கட்டினார்கள். மீனாட்சி கோயிலின் கிழக்கு வாசலுக்கு எதிரே புது மண்டபம் நிற்கிறதே, அது வசந்த மண்டபம். வைகாசியில் வசந்த உற்சவத்துக்காகத் திருமலை நாயக்கர் கட்டியது. 333 அடி நீளம், 105 அடி அகலம், நான்கு வரிசையாக 124 தூண்கள். மண்டபத்தைச் சுற்றித் தண்ணீர் நிறுத்துவதற்கு ஒரு கால்வாய் வைத்தார்கள். காற்று அந்தத் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு உள்ளே வரும். நடுவில் சுவாமியும் அம்மனும் எழுந்தருளியிருப்பார்கள். அந்த மண்டபத்தின் நடுத் தூண்களில் நாயக்க அரசர்களின் உருவங்கள் கைகூப்பி நிற்கின்றன. தையல்காரர்களும் பாத்திரக் கடைகளும் புத்தகக் கடைகளும் தலைமுறை தலைமுறையாக அதற்குள் இருந்ததால், அது ஒரு குளிர்ச்சி மண்டபம் என்பதே மதுரைக்கு மறந்துபோயிருந்தது. 1645இல் கட்டி முடித்த வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளமும் அதே வரிசையில் வருவது. ஏறத்தாழ ஆயிரம் அடிச் சதுரத்தில் நீர்ப்பரப்பு, நடுவே மைய மண்டபம், வைகையிலிருந்து கால்வாய் வழியாகத் தண்ணீர். மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளம்தான் குளமானது என்று ஊர் சொல்லும்.

மங்கம்மாளின் பங்கு இதில் தனியானது. அவர் பெயரைத் தாங்கி நிற்பவை பெரும்பாலும் சாலைகளும் சத்திரங்களும். நிழல்தரும் மரங்கள் இருபுறமும் நட்ட சாலை, இடையிடையே கிணறு, தங்குவதற்குச் சத்திரம், தாகத்துக்குத் தண்ணீர்ப்பந்தல். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் இன்றும் அதே பெயரோடு இருக்கிறது. தென் மாவட்டங்களில் மங்கம்மாள் சாலை என்ற பெயர் இன்னும் வாய்வழக்கில் உண்டு. சித்திரை வெயிலில் தலையில் சும்மாட்டோடு மதுரைக்கு நடந்து வருகிறவனுக்கு அரசு தரக்கூடிய கோடை மாளிகை அதுதானே? தமுக்கத்தையும் அந்தச் சாலைகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த அரசியின் கோடையைப் பற்றிய சிந்தனை முழுமையாகத் தெரியும். அழகரைக் காண நடந்து வரும் மக்களுக்கு வழியில் நிழல். வழி முடியும் இடத்தில் அரசியின் மாளிகை.

பிற்காலக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1736இல் நாயக்கர் ஆட்சி முடிந்தது. மாளிகை ஆற்காட்டு நவாபிடமும், பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியிடமும் போனது. ஆங்கில அதிகாரிகள் அதைக் குடியிருப்பாக்கினார்கள். திறந்த மண்டபத்தில் ஒரு குடும்பம் வாழ முடியாது. அறைகள் வேண்டும், கதவுகள் வேண்டும். நாயக்கர் மண்டபத்தைச் சுற்றிப் பிற்காலக் கட்டுமானங்கள் சேர்ந்தன. இன்று கட்டடத்துக்குள் நடப்பவர்கள் இரண்டு காலங்களில் மாறி மாறி நடக்கிறார்கள்; எது எந்தக் காலம் என்று காட்டும் ஒரு சிறு பலகை அங்கே இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

காந்தியடிகள் மறைந்தபின் அவர் நினைவைப் போற்ற நாடு முழுக்க நிதி திரட்டினார்கள். அதிலிருந்து உருவான அருங்காட்சியகங்களில் ஒன்று மதுரைக்குக் கிடைத்தது. 1955இல் மாநில அரசு இந்த மாளிகையையும் 13 ஏக்கர் நிலத்தையும் அளித்தது. 1959 ஏப்ரல் 15, சித்திரை பிறந்த கையோடு, பிரதமர் நேரு திறந்துவைத்தார். மதுரைக்கு இந்த உரிமை சும்மா வரவில்லை. 1921 செப்டம்பர் 22இல் மேல மாசி வீதி வீட்டில்தான் காந்தி தன் உடையைக் களைந்து இடுப்பில் முழத்துண்டு கட்டிக்கொண்டார். 1939இல் வைத்தியநாத ஐயர் முன்னின்று நடத்திய ஆலயப் பிரவேசத்துக்குப் பிறகு, 1946இல் மீனாட்சி கோயிலுக்குள் நுழைந்தார். சுடப்பட்ட நாளில் அவர் உடுத்தியிருந்த இரத்தக் கறை படிந்த துணி இந்த மாளிகைக்குள், ஒரு மங்கிய அறையில், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் சலசலவென்று பேசிக்கொண்டு வருவார்கள். அந்தக் கண்ணாடியின் முன் வந்ததும் பேச்சு நின்றுபோகும். அரசர்கள் காட்சி கொடுத்த மேட்டில், அரை வேட்டி உடுத்திய ஒருவரின் துணியை மக்கள் வரிசையில் நின்று பார்ப்பது அந்த இடத்தின் வரலாற்றுக்கு ஒரு பெருமை என்றே சொல்வேன்.

மாளிகை மாறியது, அதன் முன்னிருந்த வெளி தன் வேலையைத் தொடர்ந்து செய்தது. இதுதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. தமுக்கம் மைதானம் அரண்மனையின் மிச்ச நிலமாகப் பேசப்படுகிறது. மேட்டையும் வெளியையும் ஒன்றாக வைத்து அமைத்த ஒரு கட்டடக் கலையில் மைதானம்தான் பாதி. சித்திரைப் பொருட்காட்சி பல பத்தாண்டுகளாக இங்கே நடந்தது. சிறுவயதில் அப்பளத்தையும் ராட்டினத்தையும் நினைத்து ஆண்டு முழுக்கக் காத்திருந்த பலர் இந்த அவையில் இருப்பீர்கள். 1981இல் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டித் தமிழன்னை சிலை வந்தது. புத்தகத் திருவிழா இங்கே நடந்தது. அரசியல் கட்சிகளின் பெருங்கூட்டங்கள் நடந்தன. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக இளைஞர்கள் இரவும் பகலும் உட்கார்ந்ததும் இங்கேதான். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று மாடு வளர்க்கும் சமவெளிக் கிராமங்களிலிருந்து வந்தவர்களும் கல்லூரி மாணவிகளும் தோளோடு தோள் உட்கார்ந்திருந்தார்கள். நாட்டுப்புறமும் நகரமும் ஒன்றையொன்று காணும் இடமாகப் பதினேழாம் நூற்றாண்டில் தேர்ந்த வெளி, அந்த வேலையை 21ஆம் நூற்றாண்டிலும் செய்தது.

2022இல் மைதானத்தில் புதிய மாநாட்டு மையம் திறக்கப்பட்டது. ஊருக்கு அப்படி ஒரு மண்டபம் தேவைதான். குளிர்சாதன வசதியோடு ஆயிரக்கணக்கானோர் அமரலாம். ஆனால் மைதானத்தில் கட்டடம் ஏற ஏற, மேட்டுக்கும் வெளிக்கும் இருந்த பார்வைத் தொடர்பு குறைந்துகொண்டே போகிறது. தல்லாகுளம் கண்மாய் போனது, வயல் போனது, வைகையும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. மீதி இருக்கும் திறந்த தரையிலாவது இனி ஒரு தூணும் நடக்கூடாது என்பது என் கோரிக்கை. கட்டடத்தை மட்டும் காத்து, அது பார்த்துக்கொண்டிருந்த வெளியை விட்டுவிட்டால், பாதி அரண்மனையைத்தான் காத்தவர்களாவோம்.

செய்யக்கூடிய காரியங்கள் இருக்கின்றன. மாளிகையை அங்குலம் அங்குலமாக அளந்து, நாயக்கர் காலப் பகுதியையும் பிற்காலப் பகுதியையும் தனி நிறத்தில் காட்டும் வரைபடம் ஒன்று வேண்டும். மதுரையிலேயே கட்டடக் கலை படிப்பு இருக்கிறது; மாணவர்கள் ஒரு பருவத்துப் பயிற்சியாகவே இதைச் செய்துவிடலாம். எங்கெல்லாம் சிமெண்டுப் பூச்சு ஏறியிருக்கிறதோ அங்கெல்லாம் பக்குவமாகச் செதுக்கி எடுத்து, சுண்ணாம்புக் காரையே பூச வேண்டும். காரைக்குடிப் பக்கத்தில் இந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள்; அவர்களோடு நம் ஊர் இளைஞர்கள் சிலர் உடனிருந்து கற்றுக்கொள்ளட்டும். வேலைக்கு நாள் குறிப்பவர்கள் ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். சுண்ணாம்புப் பூச்சு மெதுவாகக் காய வேண்டும், பல நாள் ஈரச் சாக்குப் போட்டு நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் பூசினால் வெடித்துவிடும். ஐப்பசி மழை ஓய்ந்து சுவர் உலர்ந்தபின், மார்கழியிலோ தையிலோ தொடங்கினால் சித்திரைக்குள் முடித்துவிடலாம்.